விலையை எழுதி வாங்குங்கள்

எளாவூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு போகிறவர், சீட்டுப் பணத்தில் முதல் கார் புக் செய்கிறார். வண்டி எடுக்கும் நாளில் பில்லைப் பார்த்தால், பேசாத ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’, கேட்காத சீட் கவர், ஷோரூம்காரர்களே போட்ட இன்சூரன்ஸ். வீட்டார் மாலையோடு நிற்கும்போது பேரம் பேச யாருக்கு மனசு வரும்? அந்தச் சங்கடத்தைக் காசாக்குவது அநியாயம்.

ஷோரூமில்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அட்வான்ஸ் கட்டும் முன்பே ஷோரூம் விலை, சாலை வரி, இன்சூரன்ஸ் மூன்றையும் தனித்தனியாக எழுதி, முத்திரையோடு வாங்குங்கள். ‘டெலிவரி அன்றைய விலையே செல்லும்’ என்று பொடி எழுத்தில் இருக்கும், அதையும் படியுங்கள்.

பேச்சு மாறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். கார் வாங்கியது சென்னையிலே என்றாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் திருவள்ளூர் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.