மஞ்சளுக்கு வைத்த சோதனை



கால் சுளுக்கிக்கொண்டால் வீங்குகிறது. உடனே மஞ்சளை அரைத்துப் பற்றுப் போடுகிறோம். பாட்டி சொன்ன மருந்து அது. அது சரிதானா? எப்படித் தெரிந்துகொள்வது?

லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளை அங்கே சோதித்தார்கள். எலிகளின் பாதத்தில் ஊசி போட்டு வீக்கம் உண்டாக்கினார்கள். சில எலிகளுக்குக் குர்குமின் கொடுத்தார்கள். சிலவற்றுக்குக் கொடுக்கவில்லை. பிறகு பாதங்களை அளந்தார்கள். குர்குமின் கொடுத்த எலிகளுக்கு வீக்கம் குறைவாக இருந்தது. 1973ஆம் ஆண்டு இந்த முடிவு வெளிவந்தது.

ஏன் சில எலிகளுக்குக் கொடுக்கவில்லை? வீக்கம் தானாகவும் வடியும் அல்லவா? ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மருந்தின் வேலை தெரியும்.

எலிக்குக் கேட்ட மருந்து நமக்கும் அப்படியே கேட்கும் என்று சொல்ல முடியாது. மனிதரிடமும் சோதிக்க வேண்டும்.

சந்தையில், "மூலிகைப் பொடி! மூட்டுவலி ஒரே நாளில் போகும்!" என்று விற்பார்கள். சில பொடிகளில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்துவிடுகிறார்கள். வலி சட்டென்று நிற்கும். நாளடைவில் எலும்பு பலம் இழக்கும். சர்க்கரை ஏறும்.

ஆகவே, யார் மருந்து கொடுத்தாலும் கேளுங்கள்: "இதில் என்ன இருக்கிறது? சோதித்தார்களா?" வீக்கம் வடியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.