மணலில் எழுதிய விரல்கள்: ஆரம்ப வகுப்பில் மகிழ்ந்து கற்றல்

(தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சனிக்கிழமை காலை. இங்கிலாந்தின் ஒரு நகரில் ஏழு வயதுச் சிறுமி தமிழ் வகுப்புக்குப் புறப்பட மறுத்து அழுகின்றாள். வாரத்தின் ஐந்து நாட்களும் பள்ளிக்கு விருப்போடு செல்பவள் அவள். அங்கே பாடுகின்றாள், வரைகின்றாள், தோழியரோடு சேர்ந்து செய்து கற்கின்றாள். தமிழ் வகுப்பிலோ இரண்டு மணி நேரம் அசையாது இருந்து ககர வரிசையைப் பத்துத் தடவை பார்த்தெழுத வேண்டும். அவள் வெறுப்பது அந்த இரண்டு மணி நேரத்தை, தமிழை அன்று. ஆயினும் இவ்விரண்டையும் பிரித்தறியும் வயது அவளுக்கு இல்லை. ஏழு வயதில் பெற்றோர் கைபிடித்து அழைத்துச் செல்லலாம். பதினான்கு வயதில் அது இயலாது. ஆபத்து அங்கேதான் இருக்கின்றது.

விளையாட்டோடு கற்பது மேலைநாட்டு வழக்கம், தமிழ்க் கல்விக்குக் கண்டிப்பே அழகு என எண்ணும் பெற்றோர் பலர். வரலாறு வேறு விதமாகச் சொல்கின்றது.

1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொட்லாந்து மதகுரு ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அதனைத் தமது பள்ளியிலும் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே ஏறத்தாழ எட்டு வயது மாணவன் ஒருவனிடமே தொடக்க வகுப்பை ஒப்படைத்தார். அவன் வெற்றி கண்டான். 1797இல் பெல் இலண்டனில் வெளியிட்ட அறிக்கையின் பின்னர் இம்முறை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸ் நகரில் அவரது நிதியால் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே அழைக்கப்படுகின்றது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே மண்டபத்தில் இருத்தி, கட்டளைக்கு எழுதவும் ஒப்புவிக்கவும் வைக்கும் இயந்திரமாக அம்முறை அங்கே இறுகிப் போயிற்று. முறை கடல் கடந்தது, மகிழ்ச்சி கடக்கவில்லை.

மணலும் விரலும் தமிழருக்குப் புதியவை அல்ல. விசயதசமி நாளில் தட்டிலே பரப்பிய அரிசியில் குழந்தையின் விரல் பிடித்து 'அ' எழுதுவித்து ஏடு தொடக்கும் வழக்கம் புலம்பெயர் நாடுகளிலும் தொடர்கின்றது. அந்த இன்பம் ஒரு நாளோடு ஏன் முடிய வேண்டும்? மறுவாரமே ஏன் கொப்பியும் பென்சிலும் மட்டுமாகச் சுருங்க வேண்டும்? ஒரு தட்டு மணல் ஓர் ஆண்டு முழுவதும் வகுப்பில் இருக்கலாம். பிழையாக எழுதினால் ஒரு தடவை தட்டை அசைத்தால் போதும். சிவப்பு மையின் அச்சம் இல்லை.

தமிழ் நெடுங்கணக்கே ஒரு விளையாட்டுத்தான். பதினெட்டு மெய், பன்னிரண்டு உயிர். மெய்யெழுத்து அட்டை ஒரு பிள்ளையிடம், உயிரெழுத்து அட்டை மற்றொரு பிள்ளையிடம். இருவரும் ஓடிச் சேர்ந்தால் ஓர் உயிர்மெய் பிறக்கும். 'க்' என்பவனும் 'ஆ' என்பவளும் கைகோத்தால் 'கா'. 216 வடிவங்களைத் தனித்தனியே மனனம் செய்ய அஞ்சும் பிள்ளை, அவை ஓர் ஒழுங்கில் பிறப்பதை இவ்விளையாட்டிலே தானே கண்டுகொள்ளும். ஆசிரியர் 'புலி' என்றால் உறும வேண்டும், 'புளி' என்றால் முகம் சுளிக்க வேண்டும். லகர ளகர வேறுபாடு சிரிப்போடு செவியில் பதியும். இவை பாடத்தைத் தளர்த்துவன அல்ல, பாடமே இவைதான். எழுத்துப் பயிற்சியும் தேர்வும் பின்னர் வரட்டும். விரும்பிக் கற்ற பிள்ளை அவற்றையும் தாங்கும்.

இளையோர்களே, எழும்பூரில் ஓர் எட்டு வயதுச் சிறுவன் செய்ததை உங்களால் செய்ய இயலாதா? தமிழ் கற்று முடித்த ஓர் அண்ணனோ அக்காவோ சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் பாலர் வகுப்பில் அமர்ந்து விளையாடினால், தமிழ் பெரியோரின் மொழி மட்டுமன்று என்பதைச் சிறுவர் நேரிலே காண்பர்.

பெற்றோர்களே, வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம் "எத்தனை புள்ளி?" என்று கேட்கும் முன்னர், "இன்று என்ன விளையாடினாய்?" என்று தமிழிலே கேளுங்கள். அப்பிள்ளை தமிழிலே விடை சொல்லத் தொடங்கினால், அன்றைய பாடம் வெற்றி பெற்றுவிட்டது.