பிற பள்ளி மாணவரும் நம் தோழரே

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடந்த மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஞாயிறு திருப்பலியில் நீங்கள் எல்லாரும் ஒரே திருப்பந்தியில் பங்கு பெறுகிறீர்கள். திங்கட்கிழமை காலையில் கான்வென்ட் பிள்ளைகள் வேனில் ஒரு பக்கம் போகிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மறுபக்கம் நடக்கிறார்கள். ஐந்து நாள் பிரிந்து படிப்பது தவறன்று. ஆனால் மறுபடி ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பிலும் பள்ளிக்கொரு வரிசையாய் உட்காருகிறீர்களே, அதுதான் வருத்தம் தருகிறது.

இதனால் என்ன கேடு? கர்தினால் ஜோசப் கார்டைன் அவர்களின் வாழ்க்கை பதில் சொல்லும். 1882-ல் பெல்ஜியம் நாட்டில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். குருமடத்தில் படிக்கச் சென்றார்; உடன் படித்த தோழர்களோ இளவயதிலேயே ஆலை வேலைக்குப் போயினர். விடுமுறையில் அவர் ஊர் திரும்பியபோது அவர்கள் அவரை அந்நியராகப் பார்த்து விலகினர். பாதை பிரிந்தது, பழக்கமும் விட்டுப்போயிற்று. அந்த வேதனையை அவர் மறக்கவில்லை. 1925-ல் இளங்கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவினார். பார், சீர்தூக்கு, செயலாற்று என்று அவர் கற்பித்த மூன்று படிகளைப் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் 1961-ல் தம் சுற்றுமடலில் எடுத்துரைத்தார். இளங்கிறிஸ்தவ மாணவர் இயக்கத்துக்கும் இவைதாம் வழி.

நாமும் செய்து பார்ப்போம். உங்கள் தெருவில் வேறு பள்ளியில் படிப்போர் எத்தனை பேர்? அவர்கள் பெயர் தெரியுமா? பேசாதிருப்பது வெறும் கூச்சமா? அல்லது, "அவன் தமிழ் மீடியம்", "அவள் பணக்காரப் பள்ளி" என்ற எண்ணமா?

சரி, எப்படித் தொடங்குவது? ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் போதனையோடு தொடங்கவில்லை; குடிக்கத் தண்ணீர் கேட்டார். நட்பு கேட்பதிலும் தொடங்கும். கான்வென்ட் தம்பி, அரசுப் பள்ளி அண்ணனிடம் தமிழ் இலக்கணம் கேட்கட்டும். அண்ணன் தம்பியிடம் ஆங்கில உச்சரிப்பைக் கேட்கட்டும். ஒருவரே கொடுத்தால் அது தர்மம். இருவரும் கொடுத்து வாங்கினால் அது தோழமை. இந்து, இஸ்லாமிய மாணவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரே, "அந்தப் பள்ளிப் பிள்ளைகளோடு சேராதே" என்று சொல்லாதீர்கள். வீட்டுக்கு அழைத்து ஒரு வாய் காப்பி கொடுங்கள்.

இவ்விழா ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் வேறு பள்ளித் தோழர் ஒருவரைத் தேடிக்கொண்டால், நம் பங்குக்கு அதைவிடச் சிறந்த ஜூபிலிப் பரிசு வேறில்லை. இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக!