ஓடத் தொடங்கினால் கால் ஏன் நோகிறது?

(தோட்ட இளைஞர் கழகக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



சித்திரை விளையாட்டுப் போட்டிக்காக நம்ம பிள்ளைகள் பின்னேரத்தில் மைதானத்தில் ஓடிப் பழகுகிறார்கள். கொழுந்தெடுக்கும் தங்கச்சிமார் சிலரும் இம்முறை பெயர் கொடுத்திருக்கிறார்கள். சந்தோசம். ஆனால் இரண்டு நாள் ஓடினதும், "கால் உளையுது, லயத்துப் படி இறங்க முடியல" என்று சிலர் நின்றுவிடுகிறார்கள். மலைக்குப் போக முடியாமல் ஒரு பேர் போனால் வீட்டிலும் ஏச்சுத்தான். ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

"பொழுதுக்கும் மலை ஏறி இறங்குறோம், எங்களுக்கு ஏன் கால் நோகணும்?" என்று கேட்பீர்கள். நடக்கும்போது ஒரு கால் எப்போதும் நிலத்தில் இருக்கும். ஓடும்போது உடம்பு முழுவதும் எழும்பி ஒரு காலில் விழுகிறது. அப்போது அந்தக் கால் தாங்கும் பாரம் நமது நிறையைப் போல் 2 அல்லது 3 மடங்கு. இதற்குப் பழகாத தசைகளில் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு கீறல்கள் உண்டாகின்றன. அதனால் வருவதுதான் இந்த நோவு. பள்ளத்தில் இறங்கி ஓடினால் இன்னும் கூடும். அமிலம் தேங்கியதால் நோகிறது என்பார்கள். அந்த அமிலம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் போய்விடும். மறுநாள் நோவுக்கு அது காரணமல்ல.

இந்த நோவு மறுநாள் தொடங்கும், 2ஆம் 3ஆம் நாளில் கூடும், ஒரு வாரத்துக்குள் தானாகவே ஆறிவிடும். அதுவரை என்ன செய்யலாம்?

முதலாவது, படுத்தே கிடக்காதீர்கள். மெதுவாக நடந்தால் இறுக்கம் தளரும். இரண்டாவது, பீலித் தண்ணீரில் காலை 10 நிமிடம் நனையவிடுங்கள். பிறகு தேங்காய் எண்ணெய் பூசி மெல்ல நீவுங்கள். ஏறி மிதிப்பது, குத்துவது வேண்டாம். தைலம் நோவைச் சற்று மறக்கச் செய்யும், அவ்வளவுதான். மூன்றாவது, வெறும் ரொட்டியும் தேத்தண்ணியும் போதாது. பருப்பு, கடலை, முட்டை, நெத்தலி, இதில் முடிந்ததைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றாக உறங்குங்கள்.

நோவு வராமல் பார்ப்பது இதைவிட நல்லது. 5 நிமிடம் வேகமாக நடந்துவிட்டு ஓடத் தொடங்குங்கள். 1 நிமிடம் ஓடி 2 நிமிடம் நடங்கள். மொத்தம் 20 நிமிடம், கிழமைக்கு 3 நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. இரண்டு கிழமை போன பிறகு ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். சமதரையில் ஓடுங்கள். அளவில்லாத இரவல் சப்பாத்து வேண்டாம்.

இனிச் சொல்வதைத் தாய்மார் கவனமாகக் கேளுங்கள். எல்லாக் கால் நோவும் ஓட்டத்தால் வருவதல்ல. காய்ச்சல், தலைவலியோடு கெண்டைக்கால் நோகிறதா? கண் சிவந்திருக்கிறதா? அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கான் வெட்டினவர்கள், சேற்றுத் தண்ணீரில் நின்றவர்கள் இன்னும் கவனம். டெங்கிலும் உடம்பு நோகும். "ஓடினதால்தான்" என்று எண்ணி வீட்டில் வைத்திருக்காதீர்கள், அன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். காய்ச்சல் இருக்கும்போது அஸ்பிரின், இபுபுரோபன் மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். டெங்காக இருந்தால் அவை இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும்.

காய்ச்சல் இல்லாவிட்டாலும், ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், எலும்பில் ஒரே இடத்தில் குத்தி நொந்தால், சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனால் தாமதிக்க வேண்டாம். வீங்கிய காலை நீவவும் கூடாது.

சாதாரண நோவுக்குப் பயந்து யாரும் ஓட்டத்தை விட்டுவிட வேண்டாம். குறிப்பாகப் பொம்பளைப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நிறுத்திவிடாதீர்கள். மெதுவாகத் தொடங்கினால் கால் பழகிக்கொள்ளும். போட்டி நாளில் மைதானத்தில் சந்திப்போம்.