குருத்தணுவும் தளர்ந்த இருதயமும்



2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேயரில், நம் வீட்டுக்கு அருகே குடியிருக்கும் இராமநாதபுரத்துப் பெரியவர் ஒருவர் அண்மையில் ஓர் ஆங்கிலத் தாளுடன் வந்தார். "தம்பி, மொழிபெயர்ப்பு உத்தியோகம் பார்க்கிறீர்கள். இதில் எழுதியிருப்பதைச் சொல்லுங்கள்" என்றார். அது ஒரு தனியார் மருத்துவ நிலையத்தின் விளம்பரம். பலமிழந்த இருதயத்தைக் குருத்தணுச் சிகிச்சை புதுப்பிக்கும் என்றும், பிரேசில் நாட்டில் ஒட்டுண்ணியால் கெட்ட இருதயங்களுக்கே அது அளிக்கப்பட்டது என்றும் கண்டிருந்தது. பெரியவரின் மைத்துனருக்கு இருதயம் தளர்ந்து மூச்சு வாங்குகிறது. மனைவியின் நகைகளை விற்கவும் அவர் துணிந்துவிட்டார்.

குருத்தணு என்னும் சொல்லை விளக்குவது கடினமாக இல்லை. தென்னையின் குருத்திலிருந்து ஓலை தோன்றுவதுபோல், இவ்வணுக்களிலிருந்து பல்வகை அணுக்கள் தோன்றுகின்றன. எலும்பு மஜ்ஜையில் உள்ளவை இரத்த அணுக்களை ஓயாது படைக்கின்றன. அவை இருதயத் தசையையும் படைக்குமா என்பதே வினா.

பிரேசில் செய்தியைத் தேடிப் படித்தோம். அது பாதி மெய். 1909-ஆம் ஆண்டில், இருப்புப்பாதை வேலை நடந்த இடத்தில் மலேரியாவை ஒடுக்கச் சென்றிருந்த கார்லோஸ் சாகாஸ் என்னும் வைத்தியர் ஒரு புதிய நோயைக் கண்டறிந்தார். மண்சுவர் வெடிப்புகளில் ஒளிந்திருந்து, இரவில் உறங்குவோரைக் கடித்து இரத்தம் உறிஞ்சும் மூட்டுப்பூச்சியின் எச்சத்தில் அந்த ஒட்டுண்ணி இருக்கிறது. கடிவாயைச் சொறிந்தால் உள்ளே புகுகிறது. தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். விட்டுவிட்டாலோ, பல ஆண்டுகளுக்குப் பின், நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்வரை இருதயம் கெடுகிறது. தசை இருந்த இடத்தில் தழும்பே மிஞ்சுகிறது. (அப்பூச்சியின் இனத்தில் ஒன்று எலிகளோடு கப்பலேறி உலகத் துறைமுகங்களில் பரவியது, இந்தியாவிலும் உண்டு. நல்வாய்ப்பாக, அந்நோய் இங்கு வேரூன்றவில்லை.) நம் நான்கௌரித் தீவுகளில் பகலில் கடிக்கும் காட்டுக் கொசு பரப்பிவந்த யானைக்கால் நோயிலும் இதே துயரம்தான்: புழு மடிந்தாலும், முற்றி வீங்கிய கால் பழையபடி ஆவதில்லை.

தழும்பை மாற்றத்தான் குருத்தணுவை நாடினார்கள். முதலில் சிலருக்குச் செய்து பார்த்தபோது நம்பிக்கை பிறந்தது. பிறகு பிரேசிலின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 183 நோயாளிகளிடம் சோதித்தன. ஒரு பகுதியினருக்கு அவரவர் மஜ்ஜையின் அணுக்களை இருதய நாளத்தில் செலுத்தினர். மற்றவர்களுக்கு வெறும் திரவம். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது. சோதித்த வைத்தியருக்கும் தெரியாது. ஓராண்டுக்குப் பின் இருதயம் இரத்தத்தை வெளித்தள்ளும் ஆற்றலை அளந்தபோது, இரு பகுதியினரிடையே வேறுபாடு இல்லை. 2012-இல் அதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மையை நாம் பெரிதும் மதிக்கிறோம். விளம்பரத்தில் இல்லாத பாதி இதுதான்.

நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை தெளிவாக இருக்கிறது. சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் இரத்தக் குருத்தணு மாற்றம் ஒன்றே ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்றவையெல்லாம் அனுமதி பெற்ற சோதனைகளாகவே நடக்க வேண்டும். சோதனைக்கு உட்படுபவரிடம் அதற்காகப் பணம் வாங்கலாகாது.

இவற்றைச் சொன்னதும் பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. "அப்படியானால் அவனுக்கு வழியே இல்லையா?" என்றார். உண்டு என்றோம். தளர்ச்சியின் காரணத்தை முதலில் அறிய வேண்டும். இருதயத்தின் சுமையைக் குறைத்து ஆயுளை நீட்டும் மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றை நாள் தவறாமல் உண்ண வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். கேட்பதற்கு அது விளம்பரத்தைப்போல் இனிக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அடுத்த சென்னைக் கப்பலில் மைத்துனரை அரசினர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். நகைகள் வீட்டில் இருக்கின்றன. அந்தத் தாளையும் அவர் கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு போனார்.