ஒரு மணி நேரம் கொடுப்போம்

(நம் சங்கக் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



2023 பிளஸ் டூ தேர்வில் 97.85 சதவீதத் தேர்ச்சியுடன் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது நம் விருதுநகர் மாவட்டம். பெருமைதான். ஆனால் கல்லூரிக்குப் போனதும் பல பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். சிவகாசிப் பக்கம் பட்டாசு, தீப்பெட்டி வேலை பார்க்கும் பல வீடுகளில் அந்தப் பிள்ளைதான் முதல் பட்டதாரி. படித்தது தமிழ் வழி. கையில் இருப்பதோ ஆங்கிலப் புத்தகம். சந்தேகம் கேட்க வீட்டில் ஆளில்லை. நாலு அரியர் சேர்ந்தால், "படித்தது போதும், வேலைக்கு வா" என்ற பேச்சு வந்துவிடும்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. படிக்கும் முறையை நாம் சொல்லித் தரலாம். அதற்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில், பாடத் தலைப்பைக் கேள்வியாக்கி, பதிலைத் தேடி வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்து, புத்தகத்தை மூடிவிட்டு உங்களிடம் தமிழிலேயே சொல்லட்டும். பிறகு, சொன்னதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதட்டும். கடைசியில் புத்தகத்தைத் திறந்து, விட்டது எது என்று பார்க்கட்டும். வங்கியில் அன்றாடக் கணக்கு டேலி ஆகாமல் நாங்கள் கிளம்ப மாட்டோம், அதே பழக்கம்தான். அமெரிக்கப் பேராசிரியர் பிரான்சிஸ் ராபின்சன் 1946-இல் சொன்ன முறையும் ஏறக்குறைய இதுவே.

தீபாவளி நெருங்கினால் வேலை அதிகம். பின்னாலேயே செமஸ்டர் தேர்வும் வரும். ஆகவே இப்போதே தொடங்குவோம். ஞாயிறன்று ஒரு மணி நேரம் தர முடிந்தவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.