மிதிபட்ட மண்



தை மாதக் கடைசியில், சம்பா அறுவடை முடிந்த தஞ்சை மாவட்டத்து வயல் ஒன்றின் வரப்பின்மேல் நின்று பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது, சிதறிக் கிடக்கும் வைக்கோலன்று. அறுவடை யந்திரம் போய்த் திரும்பிய தடங்களே. ஈரம் காயாத களிமண்ணில் அரையடி ஆழம் பதிந்து, அடியில் தண்ணீர் கசிந்து நின்று, பக்கங்கள் மெழுகிவிட்டாற்போல் பளபளக்கும் அந்தத் தடங்களை, வயல் காய்ந்து, மண் சரிந்து மூடி, உளுந்து முளைத்து ஒரு சாண் வளர்ந்த பிறகு மறுபடியும் போய்த் தேடினால், மண்ணைப் பார்க்காமலே பயிரைக் கொண்டு அடையாளம் சொல்லிவிடலாம். சுற்றிலும் கரும்பச்சையாகத் தழைத்திருக்கும் செடி, தடத்தின்மீது மட்டும் வெளிறிக் குட்டையாகி, கோடு கிழித்தாற்போல் வரிசையாக நிற்கும்.

சென்ற ஆண்டு அத்தகைய வயலொன்றில், தடத்திலிருந்து ஒரு செடியையும் அதற்குப் பத்தடி தள்ளி மற்றொரு செடியையும் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். பத்தடி தள்ளியிருந்த செடியின் ஆணிவேர் நேராக இறங்கியிருந்தது. அதன் பக்கவேர்களில் கடுகளவு முடிச்சுகள் கொத்தாக இருந்தன. ஒன்றை நகத்தால் கிள்ளியபோது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. தடத்துச் செடியின் ஆணிவேரோ, நான்கு விரற்கடை இறங்கியதும், இருட்டில் சுவரில் முட்டிக்கொண்டவன் அதைத் தடவிக்கொண்டே பக்கவாட்டில் போவதுபோல், படுக்கையாகத் திரும்பித் தடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. முடிச்சுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. நிலத்துக்குரிய பெரியவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வண்டி போன எடத்துல மண்ணு செத்துப்போச்சுங்க" என்றார். அவர் சொன்ன வார்த்தை மிகையன்று. மண் எவ்வாறு சாகிறது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

மண் என்றால் கெட்டியான பொருள் என்றே நினைத்துப் பழகியிருக்கிறோம். உண்மையில், நல்ல விளைநிலத்தின் மேல்மண்ணில் கெட்டிப்பொருள் சுமார் பாதிதான், மறுபாதி வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் நீர் நிற்கிறது, காற்று உலாவுகிறது, வேர் ஓடுகிறது, மண்புழுவும் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்களும் ஜீவிக்கின்றன. துளையே இல்லாத மண்துகளை மட்டும் ஒரு கன சென்டிமீட்டர் எடுக்க முடிந்தால் அதன் எடை ஏறக்குறைய 2.65 கிராம் இருக்கும். துகளும் துளையுமாகக் கலந்து கிடக்கும் நல்ல மண்ணை அதே அளவு எடுத்து உலர்த்தி நிறுத்தால் 1.3 கிராம்தான் நிற்கும். அந்த மண் பாரத்தால் அழுந்தி 1.6 கிராமாகிவிட்டால், பாதியாக இருந்த வெற்றிடம் நூற்றுக்கு 40 ஆகக் குறைந்துவிடுகிறது.

நூற்றுக்குப் பத்துத்தானே குறைந்தது என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. ஏனென்றால், பாரம் ஏறும்போது எல்லாத் துளைகளும் ஒரே சீராகச் சுருங்குவதில்லை. பெரிய துளைகளே முதலில் இடிந்து மூடுகின்றன. மழைநீர் கீழே வடிவதும், வடிந்த இடத்தில் காற்று புகுவதும், காற்றைத் தொடர்ந்து வேர் நுழைவதும் அந்தப் பெரிய துளைகளின் வழியாகத்தான். எஞ்சி நிற்கும் சிறு துளைகளோ தண்ணீரை இறுகப் பற்றிக்கொண்டு விடமாட்டா. ஆகவே இறுகிய நிலம் மழைக்காலத்தில் நீர் தேங்கிப் பயிரை மூச்சுத் திணற வைக்கிறது. கோடையில் கீழே ஈரம் இருந்தும் வேரால் எட்டிப் பிடிக்க இயலாமல் பயிரை வாட வைக்கிறது. ஒரே நிலம் ஒரே போகத்தில் இரண்டு விதமாகவும் துன்பம் தருவதைக் கண்டு, இதென்ன மண்ணின் குணம் என்று திகைக்கும் விவசாயிகள் பலர்.

வேரின் பலம் சாமானியமானதன்று. ஆனாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. கூர்முனைக் கம்பியை மண்ணில் செலுத்தி இறுக்கத்தை அளக்கும் கருவி, சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 20 கிலோ எதிர்ப்பைக் காட்டும் இடத்தில், பெரும்பாலான பயிர்களின் வேர் அநேகமாக நின்றுவிடுகிறது. காற்றின் விஷயமும் அப்படியே: மண்ணின் கன அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் காற்று சுருங்கும்போது வேரின் சுவாசம் தடைப்படுகிறது. காற்றில்லாத மண்ணில் வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுத்து, நாம் காசு கொடுத்து வாங்கி இட்ட தழைச்சத்தை வாயுவாக்கி ஆகாயத்தில் விட்டுவிடுகின்றன. இலை மஞ்சளித்ததைக் கண்ட விவசாயி, சத்துப் போதவில்லையென்று எண்ணி இன்னும் ஒரு மூட்டை யூரியாவை இடுகிறார். குறை மூட்டையிலில்லை, மண்ணின் மூச்சில் இருக்கிறது என்று அவருக்கு யாராவது சொல்லியிருந்தால், அந்தப் பணமாவது மிஞ்சியிருக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மண் இறுகுவது எப்போதும் தீமை என்று சொன்னால் நம் முன்னோருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். நெல் வயலில் தண்ணீரைக் கட்டி, சேற்றுழவு உழுது, பரம்படித்து, மண்ணின் கட்டுக்கோப்பை வேண்டுமென்றே குலைத்து, ஐந்தாறு அங்குலத்துக்குக் கீழே ஓர் இறுகிய தட்டை உண்டாக்கியவர்கள் அவர்கள்தாம். அந்தத் தட்டு இல்லாவிட்டால் கட்டிய தண்ணீர் வயலில் நிற்காது. நெற்பயிருக்கு அதனால் நஷ்டமில்லை. இலையிலிருந்து வேர்வரை காற்றை இறக்கிச் செல்லும் குழல்களை இயற்கை அதற்குக் கொடுத்திருக்கிறது. உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் அந்த வரம் இல்லை. நெல்லுக்கு மூடியிருக்க வேண்டிய மண், அதே வயலில் சில வாரங்களில் பயறுக்குத் திறந்திருக்க வேண்டும். இந்தச் சங்கடத்தைக் காவிரிப் படுகை விவசாயி வெகுகாலம் நயமாகவே சமாளித்து வந்தார். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே பயறு விதையைக் கைவீச்சாக வீசிவிடுவார்; ஆட்கள் அரிவாளோடு இறங்கி அறுத்துக் கட்டுச் சுமந்து வெளியேறும்போது, தாளடிகளுக்கிடையே பயறு முளைவிட்டிருக்கும்; மிச்ச ஈரத்திலும் பனியிலுமே அது காய்த்துப் பலன் தந்துவிடும்.

மனிதர் நடந்த வயலில் இப்போது யந்திரம் நடக்கிறது. யந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; அறுவடைக்கு ஆள் கிடைக்காமல் கதிர் சாய்ந்து முளைத்துப்போவதைக் கண்டவர் எவரும் குறை சொல்லமாட்டார். ஆனால் அதன் பாரம் மண்ணில் எப்படி இறங்குகிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். மாட்டின் குளம்பும் மண்ணை அழுத்தத்தான் செய்கிறது. ஆயினும் குளம்பு சிறியது, மாட்டின் எடையும் சில நூறு கிலோவே. அழுத்தம் மேல்மண்ணோடு அடங்கிவிடும். சக்கரத்தின் கதை வேறு. மேல்மண் எவ்வளவு இறுகும் என்பதைப் பெரும்பாலும் டயரின் காற்றழுத்தம் தீர்மானிக்கிறது. அந்த இறுக்கம் எவ்வளவு ஆழம் செல்லும் என்பதை அச்சின்மீதுள்ள மொத்தப் பாரம் தீர்மானிக்கிறது. அகலமான டயரைப் போட்டுவிட்டோம் என்று நிம்மதியடைபவர்கள் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள். மேல்நாடுகளில், தானியம் நிரம்பிய அறுவடை யந்திரத்தின் எடை 1958-இல் சுமார் 4,000 கிலோவாக இருந்தது 2020-க்குள் 36,000 கிலோவரை ஏறிவிட்டதாக, 2022-இல் வெளியான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை கணக்கிட்டுக் காட்டியது. நம் வயல்களில் ஓடுபவை அவ்வளவு பெரியவையல்ல. ஆனால் அவை இறங்கும் மண் அவர்களுடையதைவிட ஈரமானது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஈரத்தில்தான் விஷயமே இருக்கிறது. உலர்ந்த மண்ணில் துகள்கள் ஒன்றையொன்று பற்றி நின்று பாரத்தைத் தாங்கும். ஈரம் ஏறியதும் அதே துகள்கள் வழுக்கிக்கொண்டு நெருங்கிவிடும். ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிடித்தால், புட்டுமாவைப்போல் கூடி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுவே உழவுக்குரிய பதம். உள்ளங்கையில் உருட்டினால் கயிறாகத் திரளும் மண்ணில் டிராக்டரை இறக்குவது, நிலத்துக்கு நாமே செய்யும் துரோகம். அதிலும், முதல் முறை சக்கரம் ஏறும்போதே கேட்டில் பெரும்பங்கு நடந்து முடிந்துவிடுகிறது. ஆதலால் வயல் முழுவதும் நெல் வண்டியை அலையவிடுவதைவிட, போன தடத்திலேயே போய்த் திரும்பச் சொல்வது புத்திசாலித்தனம்.

இறுகிய மண்ணைத் திருத்த முடியாதா என்று கேட்பீர்கள். கரிசலும் களியும் கோடையில் வெடித்து மழையில் உப்பித் தம்மைத் தாமே ஓரளவு சரிசெய்துகொள்ளும். செம்மண்ணுக்கு அந்தச் சக்தி குறைவு. அங்கே சக்கரத்தோடு, களித்துகளும் இரும்புச் சத்தும் கீழிறங்கிப் படிந்து இயற்கையாகவே உண்டாகும் அடிமண் இறுக்கமும் சேர்ந்துகொள்கிறது. அத்தகைய மானாவாரி, தோட்டக்கால் நிலங்களுக்கு, கோடையில் மண் நன்றாக உலர்ந்திருக்கும்போது, உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் 40 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக உழுது, ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் இடும்படி கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஈரத்தில் உழுதால் உளி கத்திபோல் கோடு கிழிக்குமேயன்றித் தட்டை உடைக்காது. தண்ணீர் கட்டி நெல் நடும் வயலில் இதை யோசனையின்றிச் செய்துவிடாதீர்கள். தட்டு உடைந்தால் தண்ணீர் நிற்காது. அங்கே தக்கைப்பூண்டும் சணப்பையும் விதைத்து மடக்கி உழுவதே தக்கது. அவற்றின் வேர் இறங்கி மக்கிய வழியில் அடுத்த பயிரின் வேர் இறங்கும். பனி உறைந்து உருகி மண்ணை ஆண்டுதோறும் பிளக்கும் குளிர்நாடுகளிலேயே, கனமான அச்சு ஏறிய அடிமண் பத்தாண்டு கடந்தும் முழுதும் தேறவில்லை என்பதைச் சோதனை வயல்கள் காட்டியிருக்கின்றன. ஆகவே கெடாமல் காப்பதுதான் மலிவான வைத்தியம்.

வருகிற தையில் அறுவடைக்கு வண்டி பேசும் நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மணிக்கு வாடகை கொஞ்சம் கூடுதலானாலும், டயர் வண்டிக்குப் பதிலாக, பாரத்தைப் பரப்பி இறக்கும் பெல்ட் வண்டியைக் கேளுங்கள். வடிகால் வாயைப் பத்து நாள் முன்னதாகவே வெட்டிவிட்டுத் தண்ணீரை வடியுங்கள். நெல் ஏற்றும் டிராக்டரை வரப்போரத்தில் நிறுத்துங்கள். வண்டி இறங்குமுன் நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வயலின் நடுவே நடந்து பாருங்கள். குதிகால் புதைந்தால், வானம் தெளிவாக இருக்கும் பட்சத்தில், இரண்டு நாள் பொறுங்கள்.